வரப்பில் நின்ற குடை

நடவு வயலில் அதிகாரம் என்றால் ஒரு காலத்தில் அது ஒரு குடை. கறுப்புத் துணிக் குடை. சேற்றில் இருபது முப்பது பெண்கள் குனிந்து நிற்பார்கள். வரப்பில் பண்ணையின் காரியக்காரர் குடையோடு நிற்பார். இடுப்பு வலிக்கிறதென்று ஒருத்தி நிமிர்ந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ‘ஏ புள்ள’ என்றோ, அதைவிடக் கீழான ஒரு சொல்லாலோ அதட்டுவார். குனிந்த தலையை நிமிர்த்தாமலே அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்ததாம்: வயல் தண்ணீரில் விழும் குடையின் நிழல். நிழல் நகர்ந்தால் கை வேகமாகும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிழவிகள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றுவரை பிடிபடவில்லை.

இன்று அதே வயல்களில் நடவுக்கு ஆள் சேர்த்து வருகிறவள் ஒரு பெண். முதல்நாள் ராத்திரி போனில் பேசி, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் விசேஷம் என்று கேட்டு, விடிகாலையில் லோடு வண்டியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வருகிறாள். வந்ததும் அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குகிறாள். பதினோரு மணிக்கு டீயும் வடையும் வந்துவிட வேண்டும் என்று வயல்காரரிடம் முன்னாடியே பேசி வைத்திருப்பாள். வராவிட்டால் போனில் அவள் போடும் சத்தம் பக்கத்து வயலுக்கும் கேட்கும்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் ஏறக்குறைய எண்பது வருஷம். அலுவலகங்களில் இப்போது ‘சக ஊழியர்களிடம் பரிவோடு நடப்பது எப்படி’ என்று ஒருநாள் பயிற்சி நடத்துகிறார்கள். சிற்றுண்டி தருகிறார்கள், சான்றிதழும் தருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பயிற்சியில் உட்கார்ந்திருந்தபோது, இந்தப் பாடத்தை மிகக் கடுமையான விலை கொடுத்துப் படித்த ஊர் எங்கள் ஊராயிற்றே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அன்றைய கதை தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். கீழத்தஞ்சை என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் நிலம் மிராசுதாரர்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. உழைப்பு பண்ணையாட்களிடம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். விடிவதற்கு முன் வயலுக்குப் போய், இருட்டிய பிறகு சேரிக்குத் திரும்ப வேண்டும். தோளில் துண்டு கூடாது. காலில் செருப்பு கூடாது. கைக்குழந்தைக்காரி வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிவிட்டு இறங்குவாள். குழந்தை வீறிட்டு அழுதாலும் காரியக்காரர் தலையசைக்காமல் கரையேற முடியாது. தாமதமாக வந்தால், எதிர்த்துப் பேசினால், மாடு பயிரில் வாய் வைத்துவிட்டால் சவுக்கடி. அதற்கு மேல் சாணிப்பால்: மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவது. இதெல்லாம் ஏதோ மறைவில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். மற்றவர்கள் பார்க்கத்தான் நடந்தது. அடிபட்டவனுக்கு வலி, பார்த்தவனுக்குப் பாடம். அதுதான் அன்றைய ஆள் நிர்வாகம்.

கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அளக்கும் மரக்காலிலும் சூது. முத்திரையிட்ட மரக்காலால்தான் கூலி அளக்க வேண்டும் என்பது பிற்பாடு விவசாயிகள் சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக வந்தது என்றால், அதற்கு முன் எப்படி அளந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் சித்திரம் பொய்யாகிவிடும். அந்தக் காலத்திலும் நல்ல முதலாளிகள் இருந்தார்கள். தீபாவளிக்கு வேட்டி சேலை, கல்யாணத்துக்கு நெல், சாவுக்குச் செலவு என்று கொடுத்தவர்கள். ‘எங்க ஆண்டை தங்கமானவரு’ என்று சொல்லும் கிழவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தங்கமானவர் வீட்டுத் திண்ணையிலும் சவுக்கு தொங்கியது. அவர் அதை எடுக்கவில்லை, அவ்வளவுதான். எடுக்காதது அவர் தயவு. நாளைக்கு மனசு மாறினால் எடுக்கலாம். அவர் மகன் எடுக்கலாம். தயவு என்பது கொடுக்கிறவர் கையில் இருக்கும் சாமான். வாங்குகிறவர் அதை நம்பி ஒருநாள்கூட நிம்மதியாகத் தூங்க முடியாது. இன்றைக்கு அலுவலகங்களில் ‘எங்க மேனேஜர் ரொம்ப நல்லவரு’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. அவர் மாற்றலாகிப் போனால்?

1943இல் பி. சீனிவாச ராவ் இங்கே வந்தார். கம்யூனிஸ்ட் கட்சி விவசாயிகளைத் திரட்ட அனுப்பிய ஆள். தென்கன்னடத்துக்காரர். தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. அவர் பேசிய தமிழில் கடைசிவரை கன்னட வாடை அடித்ததாகச் சொல்வார்கள். அந்த வருஷம் மன்னார்குடி வட்டத்துத் தென்பரையில் மடத்து நிலக் குத்தகைதாரர்களைக் கொண்டு முதல் விவசாயிகள் சங்கம் அமைந்தது. அங்கிருந்து சங்கம் சேரிகளுக்குள் நுழைந்தது.

அவர் என்ன பேசினார் என்பதைவிட என்ன செய்தார் என்பதுதான் இங்கே முக்கியம். சேரியில் தங்கினார். அவர்கள் கொடுத்த கூழையும் பழைய சோற்றையும் சாப்பிட்டார். அவர்கள் படுத்த தரையில் படுத்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் ஒருவர் சேரிக் குடிசையில் கஞ்சி குடிக்கிறார் என்பதே அன்று பல ஊர்களுக்கு நம்ப முடியாத செய்தி. பண்ணையாளிடம் அவர் சொன்னது எளிமையானது: உன்னைப் பெற்றவளும் பத்து மாதம் சுமந்துதான் பெற்றாள், ஆண்டையைப் பெற்றவளும் அப்படித்தான், அடித்தால் வாங்கிக்கொண்டு போகாதே. இன்றும் டெல்டாவில் கூட்டங்களில் இதைப் பல விதமாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சங்கத்தில் குத்தகைதாரர்களும் இருந்தார்கள், பண்ணையாட்களும் இருந்தார்கள். முன்னவர்களில் பெரும்பாலோர் சாதி இந்துக்கள். ஆண்டை முன்னால் கைகட்டி நின்றவர்கள்தான். ஆனால் சேரி ஆளைத் தங்கள் முன்னால் கைகட்டி நிற்க வைத்தவர்களும் அவர்களே. ஒரே கொடியின் கீழ் இவர்களை உட்கார வைப்பது மிராசுதாரரோடு மோதுவதைவிடச் சிரமமான வேலையாக இருந்திருக்கும். கூட்டத்தில் யார் திண்ணையில், யார் தரையில்? தண்ணீரை யார் யார் கையிலிருந்து வாங்கிக் குடிப்பது? தலைவர் முதலில் வாங்கிக் குடித்தால் மற்றவர்களுக்குச் சாக்கு இல்லாமல் போகிறது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதற்கு மேல் சொல்லித்தர ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

களப்பாலில் குப்பு என்ற தொழிலாளி தலைவராக எழுந்தார். வெளியிலிருந்து வந்தவரில்லை, அதே சேற்றில் நின்றவர். களப்பால் குப்பு என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே இன்றும் அவரைச் சொல்கிறார்கள். 1948இல் திருச்சி சிறையில் இறந்தார். ஆனால் அதற்கு முன்பே, 1944இல், அந்த வட்டாரத்துப் போராட்டங்களின் பலனாக ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. சவுக்கடி கிடையாது, சாணிப்பால் கிடையாது.

அந்த ஒப்பந்தத்தை நினைக்கும்போதெல்லாம் அதன் வறட்சிதான் எனக்குப் பிடிக்கிறது. அன்பு செலுத்துங்கள் என்றோ மனிதனை மனிதனாக மதியுங்கள் என்றோ உபதேசம் செய்யும் வேலை அதற்கு இல்லை. இன்னின்னது செய்யக்கூடாது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். தயவு என்பது விதிமுறையாக மாறிய இடம் அது. அதற்குப் பிறகு தங்கமான ஆண்டையும் அடிக்க முடியாது, தங்கமில்லாத ஆண்டையும் அடிக்க முடியாது.

காகிதம் எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. 1952இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரணமில்லாமல் பண்ணையாளை வெளியேற்றக் கூடாது என்றது. பல மிராசுதாரர்கள் அதற்குக் கண்டுபிடித்த வழி, பண்ணையாளே வேண்டாம், தினக்கூலி போதும் என்பது. அப்படி நின்றுபோனவர்களுக்குச் சட்டம் வந்தது லாபமா நஷ்டமா என்று அந்தக் குடும்பங்களில்தான் கேட்க வேண்டும். கூலித் தகராறுகள் தீரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் ஒரு தீ இருக்கிறது.

சீனிவாச ராவ் 1961இல் இறந்தார். திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிற பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்கப் போவதில்லை. தெரியாமல் இருப்பதுகூட ஒரு வெற்றிதான். சவுக்கு என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது.

பண்ணைக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ‘அப்ப கட்டுப்பாடு இருந்துச்சு, விளைச்சல் இருந்துச்சு’ என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. கட்டுப்பாடு இருந்ததென்னவோ நிஜம். ஆனால் பயத்துக்கு ஒரு குணம் உண்டு, அது தவறை மறைக்கும். ராத்திரி மடை பிடுங்கிக்கொண்டு போனதை, நாற்றங்காலில் பூச்சி விழுந்ததை முதலில் பார்ப்பவன் பண்ணையாள்தான். சொன்னால் அடி தனக்குத்தான் விழும் என்று தெரிந்தவன் ஏன் ஓடிவந்து சொல்லப் போகிறான்? அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாகப் பதிவாகியிருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகத் தவறு செய்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. செய்ததைப் பயமில்லாமல் மேலே இருப்பவரிடம் சொன்னார்கள். தலைமைச் செவிலியர் கடுகடுத்த இடத்தில் தவறெல்லாம் தலையணைக்கு அடியில் போயிருந்தது. ஹார்வர்டு வரை போய்க் கண்டுபிடித்த இதை எங்கள் ஊர் மடை பார்க்கும் ஆள் ஒருவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “திட்டுற ஆளுகிட்ட நல்ல சேதியத்தான் சொல்லணும்.”

இன்றைய நடவுக் குழுவின் தலைவிக்கு இது தெரியும். ஒருத்தி நாற்றை ஆழமாக ஊன்றிவிட்டால், வயல்காரர் பார்ப்பதற்கு முன் பக்கத்துக்காரியே சொல்லிவிடுகிறாள். சிரித்துக்கொண்டே பிடுங்கி நடுகிறார்கள். கிண்டல் உண்டு, அவமானம் இல்லை. எல்லாக் குழுவும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. கூலியில் கமிஷன் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கும் தலைவியும் இருக்கிறாள். அவள் குழுவில் ஆள் நிற்பதில்லை. அடுத்த பருவத்துக்கு வேறு வண்டியில் ஏறிவிடுகிறார்கள். போன் எல்லார் கையிலும் இருப்பதால் வந்த வசதி இது. அன்று பண்ணையை விட்டு ஓடினவனைப் பிடித்து வந்து அடித்தார்கள். இன்று ஆளைத் தேடி வயல்காரர் போன் போட்டுக் கெஞ்சுகிறார். நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்ததில் இந்தக் கெஞ்சலுக்கும் பங்கு உண்டு.

ஒன்று மட்டும் மாறவில்லை. பெண்ணுக்குக் கூலி ஆணைவிடக் குறைவு. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. வயலில் அதைக் கேட்டால், ‘ஆம்பள வேல வேற, பொம்பள வேல வேற’ என்று பதில் வரும். நாள் முழுக்கக் குனிந்து நடுவது எளிய வேலை என்று முடிவு கட்டியவர் நிச்சயம் குனிந்து நட்டவராக இருக்க முடியாது.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் அந்த வித்தியாசம் இருக்கவில்லை, ஒரே கூலி. திருவாரூர் மாவட்டத்துக்கு அது 2007இல் வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அந்தத் திட்டத்துக்கான சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி இருந்தது: வேலை செய்யும் இடத்துக்குச் சிறு குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும், அவருக்கும் அதே கூலி. நிழல், குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டியும் வேண்டும் என்றது. தூளியில் வீறிட்ட குழந்தைக்கு அறுபது வருஷம் கழித்துக் கிடைத்த பதில் என்று இதைப் படித்தபோது நினைத்தேன். நேரில் பார்த்தபோது பல இடங்களில் நிழல் என்பது ஒரு கருவேல மரம்தான். ஆனால் பணித்தளப் பொறுப்பாளர் கொஞ்சம் மனசு வைத்த இடங்களில் படம் வேறு. வயதானவர்களுக்கு மண் வெட்டுகிற வேலை கொடுக்காமல், தண்ணீர் கொடுக்க, குழந்தை பார்க்க என்று பிரித்துவிட்டார்கள். ‘நம்ம பாட்டிக்கு இந்தப் பக்கம்’ என்று அவர் சொல்லிவிட்டால் இளையவர்கள் முணுமுணுத்ததில்லை. முணுமுணுப்பு வந்தது, அவருடைய சொந்தக்காரிக்கும் அதே சலுகை கிடைத்தபோதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின்வாரிய ஆட்கள் வந்தார்கள். வண்டி போக முடியாத வயல்களில் கம்பங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். அப்போது நான் கவனித்த ஒன்று மனதில் தங்கிவிட்டது. இரண்டு குழுக்கள் எங்கள் தெருவுக்கு அடுத்தடுத்த நாள் வந்தன. முதல் குழுவின் அதிகாரி ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. சத்தம் மட்டும் வயல்வரை வந்தது. இரண்டாவது குழுவோடு வந்த உதவிப் பொறியாளர் பேன்ட்டை மடித்துக்கொண்டு கம்பத்தின் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார். அவர் தூக்கியதால் பாரம் ஒன்றும் பெரிதாகக் குறைந்திருக்காது. ஆனால் மதியம் ஊர்க்காரர்கள் சோறு கொண்டுவந்தபோது, ‘கம்பத்து மேல இருக்கறவங்க இறங்கட்டும்’ என்று மற்றவர்கள் எல்லாரும் இலையைத் தொடாமல் காத்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. முதல்நாள் குழு வந்த வரிசையில் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் இறங்கியவர்களுக்கு ரசம் மட்டும் மிச்சம் வைத்தது. அதே ஊர், அதே சோறு.

டவுனுக்கு வந்தால் சவுக்கு வேறு உருவத்தில் இருக்கிறது. கடைவீதியில் ஜவுளிக்கடைப் பெண்கள் காலை ஒன்பதரையிலிருந்து இரவு வரை நிற்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் கேமராவில் தெரியும். 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்துவிட்டு ஊரே உச்சுக்கொட்டியது, ஆனாலும் நாற்காலி வரவில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களைத் திரட்டி, தையல்காரரான விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் மூலம் போராடினார். 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்றார்கள். இப்போது சில கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல்கள் இருக்கின்றன. உட்காருகிறார்களா என்பது ஃப்ளோர் மேனேஜரைப் பொறுத்தது. ஒரு கடையில் மேனேஜரே மதியம் மூன்று மணிக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ‘ஏம்மா, ஸ்டூலுக்கா கால் வலிக்குது, அதுல உக்காருங்க’ என்றார். மற்றொரு கடையில் ஸ்டூல்கள் மேல் சட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். இரண்டு கடையிலும் ஸ்டூல் இருந்தது.

பண்ணையில் மற்றவர்கள் பார்க்க அடி விழுந்த இடத்தை, அலுவலகங்களில் வாட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் அனுப்பிய கணக்கில் பிழை இருந்தால் நாற்பது பேர் இருக்கும் குழுவில் இரவு பத்து மணிக்கு மேலதிகாரி கேட்கிறார். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். நீல டிக் வருகிறது. சாணிப்பாலோடு இதை ஒப்பிடுவது அநியாயம், எனக்குத் தெரியும். உடம்பில் விழுந்த அடியும் திரையில் விழுந்த அடியும் ஒன்றல்ல. ஆனால் எல்லார் பார்வையிலும் நடத்தினால்தான் மற்றவர்கள் அடங்குவார்கள் என்ற கணக்கு அதே பழைய கணக்குத்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். வேறு அவமதிப்புக்கெல்லாம் அந்தச் சட்டத்தில் குழு கிடையாது. அங்கே இன்னமும் மேலதிகாரியின் தயவுதான். திண்ணையும் சவுக்கும் இல்லாத தயவு.

போன குறுவைக்கு எங்கள் பக்கத்து வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கை ஓடவில்லை. வரிசையில் அவள் இடம் மட்டும் பள்ளமாகப் பின்தங்கியது. குழுத் தலைவி தன் இடத்தை விட்டு நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய பங்கிலிருந்து நாலைந்து குத்து தானே சேர்த்து நட்டுக்கொண்டு போனாள். மறுபக்கத்தில் இருந்தவளும் இரண்டு குத்து சேர்த்து நட ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் வரிசை நேராகிவிட்டது.

வரப்பில் அன்றும் ஒரு குடை விரிந்திருந்தது. பூப்போட்ட ரேஷன் கடைச் சேலைத் துணியைக் கம்பியில் கட்டிப் பழுதுபார்த்த குடை, காற்றில் பறக்காமல் இருக்கக் காம்பில் ஒரு செங்கல். அடியில் ஒரு தண்ணீர்க் குடம், ஏழெட்டு செல்போன்கள், சாப்பாட்டுத் தூக்குகள். தூக்குகளுக்கு நடுவில் துண்டு விரித்து அந்தப் புதுப் பெண்ணின் குழந்தையைப் போட்டிருந்தார்கள். ஒரு போன் அடித்தது. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. “போய்ப் பால் குடுத்துட்டு வாடி, உன் வரிச எங்கயும் ஓடிடாது” என்று சேற்றிலிருந்து ஒரு குரல் வந்தது.